முந்நூறு பேருக்கு அளந்த கை

1

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. இன்றைக்கு உங்களை ஒரு மலைக்குக் கூட்டிப்போகிறேன். மூச்சு வாங்காது, அது என் பொறுப்பு.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மலை ஏறியதே இல்லை. இந்தக் கதை பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் பூட்ஸில் காய்ந்த சேறு.

"எங்கேம்மா போய்ட்டு வர்றீங்க?"

"மலைக்கு. ரெண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கினேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா'வை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் ஆயுசில் நான் ஒருநாளும் சும்மா எங்கேயும் போனதில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

மலை அவளை அழைத்தது. காற்று அவள் கூந்தலை மெல்ல

[அடித்துவிட்டேன். ஐம்பத்து நான்கு வயதுக்காரி, தலையில் கம்பளித் தொப்பி. காற்றுக்கு அங்கே என்ன வேலை?]

இரண்டாவது தொடக்கம்: அவள் ஒரு கல்லூரி விடுதியில் சமையல்காரி. வேளைக்கு முந்நூறு பேர், இருபத்தாறு வருஷம். அடுப்புக்கு மேலே ஒரு பழைய காலண்டர், அதில் மலையுச்சி ஏரி ஒன்று. ஆவி பட்டுப் பட்டு மலை மங்கிவிட்டது. ஏரி மட்டும் மிச்சம். அதை நேரில் பார்க்க நான்கு நாள் விடுப்பு எடுத்தாள். [கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள். நான் எழுதினால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.]

தனியாகத்தான் அனுப்பினேன். இரண்டு பக்கம் எழுதும் வரை ஏறினாள், வாயே திறக்கவில்லை. எனக்கே அலுத்துவிட்டது. அவளுடைய நாத்தனாரைத் துணைக்கு அனுப்பினேன். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

3

"அண்ணி, இவ்ளோ பெரிய குண்டான் எதுக்கு? உள்ள உக்காந்து குளிக்கப் போறீங்களா?"

"சின்னப் பாத்திரத்துல எனக்குச் சமைக்க வராதுடி."

"அப்ப எங்க அண்ணனையும் இதுலயே வெச்சுத் தூக்கிட்டு வந்திருக்கலாம்."

"அவரு இதுக்குள்ளயும் காலாட்டிக்கிட்டுத்தான் கிடப்பாரு. நட."

முதல்நாள் சாயங்காலம் ஓடைக்கரையில் தங்கினார்கள். நாத்தனார் கூடாரம் அடித்தாள். சமையல்காரி கல் கூட்டித் தீ மூட்டி, கண்ணை ஓடையில் வைத்துக்கொண்டு, உலையில் அரிசி போட்டாள். கை நிற்கவே இல்லை. சோறு பொங்கி மூடியைத் தூக்கித் தள்ளியபோதுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, பை காலி! நாலு நாள் அரிசி!"

"கை பாட்டுக்குப் போட்டுருச்சுடி."

"ஏன், முந்நூறு பேரும் பின்னாடி வந்துக்கிட்டு இருக்காங்களா?"

நாத்தனார் சிரித்துச் சிரித்து இருமினாள். இவள் சிரிக்கவில்லை.

"காலையில இறங்கிடலாம். இந்தக் குளிருக்குச் சோறு நாளைக்கு வரைக்கும் தாங்கும். அப்புறம் எதைத் தின்னுட்டு நடக்கிறது?"

"அப்ப ஏரி?"

"அதான் காலண்டர்ல இருக்குல்ல."*

* இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

4

ஒரு முடிவு: இறங்கிவிடுகிறார்கள். [எழுதினேன். பேருந்தில் ஏறும்போது அவள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கிழித்துப் போட்டேன்.]

இன்னொரு முடிவு: அந்த வழியாக வந்த யாரோ அரிசி கொடுக்கிறார்கள். [கதை மாட்டிக்கொண்டால் இப்படி யாராவது வந்துவிடுவார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.]

மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, நான் சொல்லாமலே நாத்தனார் ஒரு காரியம் செய்தாள். தட்டில் சோறு போட்டு அண்ணியிடம் நீட்டினாள்.

"நீ முதல்ல சாப்பிடு. எல்லாரும் சாப்பிட்டப்புறம் நான் சாப்பிடறேன்."

"எல்லாரும் சாப்பிட்டாச்சு அண்ணி."

"யாரு எல்லாரும்?"

நாத்தனார் கையை வீசி மலை முழுவதையும் காட்டினாள். "நல்லாப் பாருங்க. யாராவது பாக்கி இருக்காங்களா?"

அவள் பார்த்தாள். பாறை, புல், ஓடை. சாப்பாட்டு மணி இல்லை. தட்டேந்திய வரிசை இல்லை. இருபத்தாறு வருஷம் கடைசி ஆளாக, நின்றபடியே, அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்றவள் பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கவளம். இன்னொன்று. அவசரமே இல்லை.

"அரைவயித்தோட ரெண்டு நாள் நடக்க முடியுமாடி?"

"நீங்க உக்காந்து சாப்பிடறதையே பாத்துட்டேன் அண்ணி. இனிமே எதுவும் நடக்கும்."

5

கண்ணுகளா, மேலே ஏரிக்குப் போகும் பாதை அவளுக்கு வலது பக்கம், கீழே பேருந்துக்குப் போவது இடது பக்கம். விடிந்ததும் அவள் எதில் கால் வைப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை எழுதினால் இப்போதே அவளைத் தட்டைவிட்டு எழுப்ப வேண்டும். நான் எழுப்ப மாட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும். விடிந்த பிறகு எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பானை என்றும் நிறைந்திருக்கட்டும். சமைத்த கைக்கு உட்கார இடமும் முதல் தட்டும் கிடைக்கட்டும். உங்களில் ஒருத்தி சும்மா வெளியே கிளம்பினால், எதற்கென்று கேட்காமல் கதவைத் திறந்துவிடும் வீடாக அது இருக்கட்டும்.