எலும்புக்கு ஏறிய வயது

கால்வாய் தூர்வாரும்போது கிடைத்த அந்த இடுப்பெலும்புக்கு வருடத்துக்கு ஒரு வயது கூடியது. காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தின் எலும்பு அறையில், அட்டைப்பெட்டிக்குள் கிடந்தபடியே கூடியது. பக்கத்துப் பெட்டிகளில் இருந்தவை எல்லாம் வந்த வயதிலேயே ஒழுங்காக இருந்தன.

முதலில் அளந்த அலுவலக நிபுணரை எல்லோரும் ‘மில்லிமீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியொரு கறார். எலும்பின் பின்வளைவில் கட்டைவிரலை வைத்தார். தாராளமாக இடம் இருந்தது, அதனால் பெண். மேல்விளிம்பு முழுதாக ஒட்டவில்லை, முன்மூட்டின் முகம் உழுத நிலம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு என்று எழுதியிருப்பார்கள். இவர் பத்தொன்பது என்று ஒரே எண்ணை எழுதினார். அதுதான் வினையாகப் போனது. அந்த ஊர்த் தையல்காரம்மாவின் காணாமல் போன மகளுக்கும் பத்தொன்பது வயதுதான். கொன்று கால்வாயில் போட்டதாக ஒருவன் ஒப்புக்கொண்டும் இருந்தான். அந்த அம்மாள் அன்றைக்கே துணிப்பையோடு வந்துவிட்டாள்.

ஆனால் வெளியூர் நிபுணர் ஒருவரும் அளந்து, இரண்டு வயதும் ஒத்துப்போனால்தான் எலும்பைக் கொடுப்பார்கள். அவர் வந்து சேர ஒரு வருடம் ஆனது. அவர் அளந்தபோது இருபது. மில்லிமீட்டர் நம்பாமல் தானும் அளந்து பார்த்தார், இருபதேதான். “எலும்பு என்ன சொல்லுதோ அதைத்தாம்மா நான் எழுத முடியும்,” என்றார். முதலில் எழுதிய பத்தொன்பதோடு ‘பொருந்தவில்லை’ என்று முத்திரை குத்தி, அடுத்த வருடம் மறுபடி அளக்கச் சொன்னார்கள். இருபத்தொன்று.

அப்புறம் அவள் வருடம் தவறாமல் வந்தாள். இருபத்தெட்டில் எலும்பு நன்றாக அகன்றிருந்தது. “பிள்ளை பெத்துக்கற வயசு, அகலத்தான் செய்யும்,” என்றாள். ஊர்ப் பெண்களின் இடுப்பையெல்லாம் அளந்தவளுக்குத் தெரியாதா? முப்பத்தைந்தில் வரிகள் தேய்ந்து மூட்டின் முகம் வழவழப்பானது. நாற்பது தாண்டியதும் அகலம் மெல்லக் குறைய ஆரம்பித்தது. அவளுக்குக் கண் மங்கியது, தையல் மெஷினைத் தள்ளிவிட்டாள். மகளை ஒரு பிடி மண்ணில் சேர்க்காமல் போய்விடுவோமோ என்ற பயம் மட்டும் குறையவே இல்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தின நாள், மில்லிமீட்டர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பொய் எழுதினார். எலும்பு நாற்பத்திரண்டு என்றது. அவர் பத்தொன்பது என்று எழுதி, வெளியூர் நிபுணரிடமும் கைகூப்பிக் கையெழுத்து வாங்கி, பெட்டியை அவள் முன்னால் வைத்தார். “எடுத்துட்டுப் போங்கம்மா. அன்னிக்கே இதைச் செஞ்சிருக்கணும். பாவி நான்.”

அவள் தாளைக் கண்ணருகே பிடித்து மெதுவாகப் படித்தாள். பெட்டியைத் திறந்து, எலும்பின் விளிம்பை வெகுநேரம் தடவினாள். எடுத்துப் போகத்தான் வந்திருந்தாள். இருபத்து மூன்று வருடமாக அதற்குத்தான் வந்தாள். பிறகு மூடினாள்.

“அவளைக் கொன்னவனும் பத்தொன்பதுலதான் சார் முடிச்சான். நீங்களும் அதையே எழுதியிருக்கீங்க,” என்றாள். “நான் கொண்டு போகலை. இங்கேயாவது அவளுக்கு வயசாகட்டும்.”

அடுத்த வருடம் அவள் இல்லை. புதிதாக வந்த நிபுணர் அந்த எலும்பை அளந்து நாற்பத்து மூன்று என்று எழுதினார், உரிமை கோருவோர் என்ற இடத்தில் கோடு போட்டார்.