பட்டம் வரும்வரை ஆறு வயது

டீச்சருக்குப் பட்டம் இல்லாத காரணத்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொரு பேரும் ஐந்து வருடங்கள் வளரவில்லை. சுற்றறிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றிருக்க வேண்டும், பெறாதவரிடம் படிக்கும் பிள்ளைகள் அந்த வகுப்பைக் கடந்தவர்களாகக் கருதப்பட மாட்டார்கள், இது இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கும் என்று அதில் எழுதியிருந்தது. பெரியவர்கள் அதைப் படித்துவிட்டுக் கோப்பில் போட்டார்கள். பிள்ளைகளின் எலும்புகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. புதன்கிழமை காலையிலிருந்து ஒருவரும் ஒரு விரற்கடைகூட உயரவில்லை. தலைமுடி மட்டும் வளர்ந்தது, அதைப் பற்றிச் சுற்றறிக்கை எதுவும் சொல்லவில்லை. டீச்சரின் மகளும் அதே வகுப்பில்தான் இருந்தாள். அவளுக்குக் கீழ்வரிசையில் ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது, இன்றோ நாளையோ விழ வேண்டியது. அது ஐந்து வருடம் ஆடியது.

முதல் வருடம் பெற்றோர் இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஷூ கடிக்கவில்லை, சீருடை இறுக்கவில்லை. இரண்டாம் வருடம்தான் பயம் வந்தது. தலைமை ஆசிரியரிடம் திரண்டு போனார்கள். அவர் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். வேறு பள்ளியில் சேர்க்கிறோம், மாற்றுச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்டதற்கு, ஒன்றாம் வகுப்பை முடிக்காத பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது என்றார். அப்படியானால் அங்கே ஒன்றாம் வகுப்பிலேயே புதிதாகச் சேர்க்கிறோம் என்றதற்கு, ஏற்கெனவே ஒன்றாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையை இன்னொரு முறை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்றார். இரண்டும் நியாயமாகத்தான் இருந்தன. பெற்றோர் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். பெஞ்சுகள் காலியாகாததால் பள்ளியில் புதிதாக யாரையும் சேர்க்க முடியவில்லை. மேல் வகுப்புகள் மட்டும் வருடத்துக்கு ஒன்றாகக் காலியாயின. இரண்டாம் வகுப்பு சார் முதல் ஆளாகக் காலி வகுப்பில் உட்கார்ந்தார். தினமும் ஒன்பதரைக்கு வந்து, வெற்றுப் பெஞ்சுகளுக்கு முன்னால் பதிவேட்டைத் திறந்து, யாரும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் பட்டம் இல்லை. "பிள்ளைங்க வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது அவர் கட்சி.

டீச்சரால் அப்படி இருக்க முடியவில்லை. அவர் இருபத்து மூன்று வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். இரண்டு வருடப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று சட்டம் போட்டு அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. சுற்றறிக்கை வந்த மறுநாளே அதைக் கழற்றிவிட்டு, நாலு வருடப் படிப்பில் மாலை வகுப்புக்குச் சேர்ந்தார். குழந்தை உளவியல், மதிப்பீட்டு முறைகள், கல்வியின் தத்துவம், கரும்பலகைப் பயன்பாடு என்று முப்பத்தாறு தாள்கள். எழுத்தறிவித்தல் என்ற தாளை நடத்திய விரிவுரையாளர், கண்ணாடி போட்ட ஒல்லி இளைஞர், டீச்சரிடம்தான் முதல் எழுத்தை எழுதினவர். வகுப்பில் டீச்சர் எழுந்து "சார்" என்பார். அவர் பதறிப்போய் "உட்காருங்க டீச்சர்" என்பார். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து எப்படி எழுதவைப்பது என்று புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார். டீச்சர் குறிப்பெடுத்துக்கொள்வார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். பேருந்து ஓட்டுநரான அவர் கணவர் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிள்ளைகளை நிலைக்கதவில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போடுவார். மகளின் கோடு ஒரே இடத்தில் விழுந்து விழுந்து, மரத்தில் பள்ளமே விழுந்துவிட்டது. அவளைவிட இரண்டு வயது சின்னவனான தம்பியின் கோடு மூன்றாம் வருடம் அதைத் தாண்டியது. அவன் இரண்டு தெரு தள்ளிய பள்ளியில் பட்டம் பெற்ற டீச்சரிடம் படித்தான், ஒழுங்காக வளர்ந்தான், எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும் வரவில்லை. அதை அக்காதான் சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவனுக்குச் சின்னதாகிப் போன சட்டைகள் அவளுக்கு வந்தன. அவள் போட்டுக்கொண்டாள். அந்தச் சட்டைகளுக்குப் பித்தான் தைக்கும்போதெல்லாம் டீச்சருக்கு மனசு ஆறவே இல்லை. இதில் வெட்கமான விஷயமும் ஒன்று உண்டு. படித்துக் களைத்து உட்காரும்போது மகள் வந்து மடியில் ஏறுவாள், அந்த மடிக்கு அவள் இன்னும் சரியாகப் பொருந்தினாள். ஒரு கணம் அது டீச்சருக்குப் பிடித்திருக்கும். அடுத்த கணம் தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி புத்தகத்தை எடுப்பார். அவர் சமைக்கும்போது மகள் அந்தப் புத்தகங்களை அடுப்படி வாசலில் உட்கார்ந்து உரக்க வாசித்துக் காட்டுவாள். முப்பத்தாறு தாள்களும் அப்படித்தான் முடிந்தன.

நாலாம் வருடக் கடைசியில் கற்பித்தல் தேர்வு வந்தது. தேர்வாளராக அந்த ஒல்லி விரிவுரையாளரே வந்து கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அவர் கையில் இருந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். பாடத்துக்கு முன்னால் எத்தனை பேருக்குத் தெரியும், பாடத்துக்குப் பின்னால் எத்தனை பேருக்குத் தெரியும். பாடம் 'ட' என்ற எழுத்து. டீச்சர் அட்டையைத் தூக்கிக் காட்டும் முன்பே முப்பத்தொரு பேரும் கத்திச் சொல்லிவிட்டார்கள். நாலு வருடமாக ஒன்றாம் வகுப்பில் இருக்கிறவர்கள், தெரியாமல் இருக்குமா? முதல் கட்டத்தில் முப்பத்தொன்று, இரண்டாம் கட்டத்திலும் முப்பத்தொன்று. கழித்தால் பூஜ்யம். கற்றல் நிகழவில்லை என்று எழுதிவிட்டுப் படிவத்தை டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். "மன்னிச்சிடுங்க டீச்சர், கட்டம் அப்படி இருக்கு" என்றார். மறுதேர்வு அடுத்த வருடம்தான். அன்று வீட்டுக்கு வந்து டீச்சர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். தன் ஒரு பூஜ்யத்தால் மகளுக்கு இன்னொரு வருடம் போனது என்று வாய்விட்டே சொல்லி அழுதார். மகள் நாக்கால் பல்லை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுதேர்வு அன்று டீச்சர் 'ட' அட்டையைத் தூக்கினார். வகுப்பு அமைதியாக இருந்தது. முன்பெஞ்சில் இருந்த மகளைக் கேட்டார். அவள் எழுந்து, அட்டையை வெகுநேரம் பார்த்து, "தெரியல டீச்சர்" என்றாள்.

ஐந்து வருடம் வளராமல் இருந்து, இப்போது உள்ளதும் போய்விட்டதா என்று டீச்சர் பயந்தார், அட்டையைக் காட்டி ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. தேர்வாளர் முதல் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். டீச்சர் அவரை மறந்தார், படிவத்தை மறந்தார். சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, இருபத்து மூன்று வருடம் எப்படிச் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியே ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கையாகப் பிடித்து எழுதவைத்தார். பிள்ளைகளும் புத்தகத்தில் சொன்னபடியே கற்றார்கள். ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். ஒருவன் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றான். நான்கில் ஒரு பிள்ளை எழுத்தைத் திருப்பி எழுதும் என்று உளவியல் புத்தகம் சொல்லியிருந்தது. ஏழு பேர் முழுதாகத் திருப்பி எழுதினார்கள், கணக்கு ஏழே முக்கால் என்று வந்ததால் எட்டாவது பையன் முக்கால்வாசி மட்டும் திருப்பினான். பிறகு ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. கடைசியாக மகள் எழுந்து, திக்கித் திணறி, "ட" என்றாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இரண்டாம் கட்டத்தில் முப்பத்தொன்று. பல்கலைக்கழகத்தில் இதுவரை யாருக்கும் போடாத மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் மகளைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்ல உனக்கு யாருடி சொல்லிக்கொடுத்தது?"

"உன் புக்குதாம்மா" என்றாள் மகள். "பிள்ளைங்க எப்படிக் கத்துக்கும்னு அதுல போட்டிருக்கே. நாங்க ஆளுக்கொண்ணா பிரிச்சுக்கிட்டோம். ஜன்னலைப் பாக்கத்தான் ஒரே சண்டை."

டீச்சர் அடிக்க ஓங்கின கையால் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

பட்டம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் வகுப்பு வாசலிலேயே நின்று கையெழுத்து வாங்கினார். டீச்சர் பேனாவை மூடியதும் மகளின் பல் விழுந்தது. அடுத்த பெஞ்சில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று, மழை தொடங்குகிற மாதிரி சத்தம் கேட்டது. துப்புரவு அம்மா முறத்தில் அள்ளி எண்ணிப் பார்த்தார், முப்பத்தொரு பல். பிள்ளைகள் ஒரே வாரத்தில் வளர்ந்தார்கள். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து வளர்வார்கள் என்று சில பெற்றோர் பெரிய சட்டையாக வாங்கி ஏமாந்தார்கள். ஒரு வகுப்புதான் கடந்திருந்தார்கள், ஒரு வருடம்தான் வளர்ந்தார்கள். ஓட்டுநர் நிலைக்கதவில் இரண்டு அங்குலம் மேலே புதுக்கோடு போட்டார், போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார். தம்பி இன்னும் அவளைவிட அரைச் சாண் உயரமாகத்தான் இருந்தான். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

ஜூன் மாதத் திங்கட்கிழமை பிள்ளைகள் வரிசையாக இரண்டாம் வகுப்புக்குப் போனார்கள். சார் வழக்கம்போல் பதிவேட்டில் யாரும் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. ஏழு வயது முப்பத்தொரு பேர் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். டீச்சரின் மகள் மட்டும் அவர் மேசைக்குப் போனாள். கக்கத்தில் உளவியல் புத்தகம், கையில் பல்கலைக்கழக விண்ணப்பம்.

"எல்லாம் நாங்களே நிரப்பிட்டோம் சார்" என்றாள், பல் விழுந்த இடத்தில் காற்று புகுந்து வர. "நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. தேர்வுக்குப் பயப்படாதீங்க, அதை நாங்க பாத்துக்கறோம்."

சார் பேனாவைத் தேடினார். எட்டாவது பையன் எடுத்துக் கொடுத்தான்.