பழைய பதினாலு

எட்டடி உயரப் பலகை அது. சிதம்பரம் தெற்கு வீதிக்குப் பின்னால் இருக்கும் ஒடுக்கமான தெருவின் முனையில், தன் ஜெராக்ஸ் கடைச் சுவரோடு சாய்த்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தாள் எழிலரசி. வாக்காளர் பட்டியலைப் பெரிதாக்கி அச்செடுத்து அதில் ஒட்டியிருந்தாள். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெயர்களின் மீது மட்டும் மஞ்சள் மார்க்கரால் கோடு இழுத்திருந்தாள். மழை கழுவிய காலையில் அந்த மஞ்சள், யாரோ ஜன்னல் ஜன்னலாக விளக்கேற்றிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

வார்டு இடைத்தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. 'உங்கள் வார்டின் தணிக்கைக்காரி' என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். கீழே மூன்று வாக்குறுதிகள். முதலாவது, பட்டியலில் யாரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பெயரும் காரணமும் தெருமுனையில் ஒட்டப்படும். இரண்டாவது, பழைய நம்பர், புது நம்பர் குழப்பம் ஒழிந்து ஒரு வீட்டுக்கு ஒரே கதவு எண். மூன்றாவது, நகராட்சி போடும் சாக்கடையோ சாலையோ, தெருக்காரர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில். ஜெயிக்கும் வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. முதலாவதை இப்போதே செய்து காட்டிவிட்டாள். பலகையைப் படமெடுத்து வார்டு வாட்ஸப் குழுவிலும் போட்டாள்.

"என் வயச ஏண்டி இம்மாம் பெருசா போட்டுருக்கே?" என்றாள் புது பதினாலாம் நம்பர் வீட்டுத் தில்லையம்மாள். "அறுபத்தெட்டுன்னு ஊரே படிக்குது."

"உண்மைதானே அத்தை?"

"உண்மைன்னா? மைக்ல சொல்லுவியா?"

தேர்தலில் அவளை எதிர்த்து நிற்கும் சிங்காரம் பைக்கை நிறுத்திப் பலகையை மேலும் கீழும் பார்த்தார். "இஸ்திரிப் பெட்டி சின்னம் குடுத்தாலும் குடுத்தாங்க, எல்லாரையும் சூடா தேய்க்கிற தங்கச்சி. நடத்து நடத்து."

மூன்றாம் நாள் காலை கடையைத் திறந்தபோது ஜெயராணி ஷட்டருக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றிருந்தாள். ஒன்பது மாதத்துக்கு முன்னால் எட்டு வயது மகளோடு வந்து ஒரு மாடி அறையில் குடியேறியவள். தையல் கடைக்கு ஜாக்கெட் கொக்கி வைத்துக் கொடுக்கிறாள். தெருவில் அவளை 'ஊக்குக்காரம்மா' என்பார்கள். பெயர் யாருக்கும் தெரியாது. எழிலரசிக்குத் தெரியும். பட்டியலில் சேர விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே அவள்தான். வேண்டாம் வேண்டாம் என்றவளை, "ஓட்டு இல்லேன்னா நாளைக்கி ரேஷன் கார்டுக்கும் அலைய வுடுவாங்க" என்று சொல்லி உட்கார வைத்தவளும் அவள்தான்.

"அக்கா, என் பேர எடுத்துடுங்க."

"எதுலேர்ந்து?"

ஜெயராணி பலகையைக் காட்டினாள். ஜெயராணி, கணவர் கண்ணாயிரம், வயது முப்பத்தொன்று, வீட்டு எண் பதினாலு. மேலே பளிச்சென்று மஞ்சள்.

"எம் புருசன் கண்ணுல படக்கூடாதுன்னுதானே கடலூர வுட்டு வந்தேன்." அவள் குரல் ஏறவேயில்லை. "ஸ்டேஷன்ல ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடவையும் சமாதானம் பேசி அவன்கூடவே அனுப்பி வெச்சாங்க. ரெண்டாவது தடவ வீட்டுக்குப் போனதும்..." முந்தானையை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினாள். தோல் அங்கே உருகி இறுகியிருந்தது. எழிலரசி பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"உன் பேர மட்டும் மறைச்சா, நான் பட்டியல மறைக்கிறேன்னு சிங்காரம் கெளம்பிடுவாரு," என்றாள் முதலில். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி, பசை தடவி, அந்த வரியின் மேல் ஒட்டினாள். வாட்ஸப் படத்தையும் அழித்தாள். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எத்தனை பேர் யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்பதை அழிக்க வழியில்லை.

மறுநாள் மத்தியானம் ஒருவன் வந்தான். சலவை செய்த சட்டை, நெற்றியில் திருநீறு. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

"வணக்கம் மேடம். ஒரு அட்ரஸ் கேக்கணும்." செல்போனை நீட்டினான். பலகையின் படம், வெள்ளைத் தாள் ஒட்டுவதற்கு முந்தையது. "எம் மச்சான் அனுப்புனான். என் சம்சாரம். கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. பதினாலாம் நம்பர்ல கேட்டா அந்தப் பாட்டியம்மா அப்புடி யாரும் இல்லைங்கறாங்க. பட்டியல்ல இருக்கறது பழைய நம்பரோ? பழைய பதினாலு எதுன்னு உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க."

கேட்கச் சொன்னது சரிதான். பட்டியலில் இருப்பது பழைய எண், கதவில் இருப்பது புது எண். எந்தப் பழையது எந்தப் புதுசு என்று தெருவில் முழுதாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பழைய பதினாலு, இன்றைய முப்பத்தொன்று. கடையிலிருந்து ஆறாவது வீடு. ஒழிக்கப்போகிறேன் என்று ஐயாயிரம் நோட்டீஸில் அடித்த குழப்பம், ஒரு தாழ்ப்பாள் மாதிரி அந்த வீட்டைப் பூட்டி வைத்திருந்தது.

"அந்தப் பேர நீக்கியாச்சு," என்றாள்.

"அப்புடீங்களா?" அவன் மேஜையிலிருந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து நிதானமாகப் படித்தான். "நீக்குனா காரணம் போடுவேன்னு எழுதியிருக்கீங்களே மேடம். காரணத்தக் காணோம். தாள்தான் ஒட்டியிருக்கு."

அவள் மேஜையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"சாயங்காலம் கூட்டமாமே. இருந்து கேட்டுட்டே போறேன்." நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நல்ல நோட்டீஸ். ஒங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நாடு உருப்படும்."

அவன் போனதும் ஜெயராணிக்கு போன் செய்தாள். "பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து பின்சந்து வழியா கூட்டியா. கதவத் தொறக்காத."

ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பலகைக்குப் பக்கத்தில் நாற்பது நாற்காலி, ஒரு மைக். குழாய் ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டியவன் அதைத் தெருவின் உட்புறம் பார்த்துத் திருப்பியிருந்தான். கண்ணாயிரம் கடைசி வரிசையில், யாரோ ஒரு தாத்தாவுக்கு இடம் விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

எழிலரசி முதல் வாக்குறுதியை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து பேச ஆரம்பித்தாள். சிங்காரம் விடுவாரா? ஓரமாக பைக்கில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"தங்கச்சி, சாக்கடை கெடக்கட்டும். நாப்பத்தேழாவது வரியில வெள்ளத் தாள் ஒட்டியிருக்கே, அதுக்கடியில யாரு? அவுங்க மறைக்கிறாங்க, இவுங்க மறைக்கிறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நீயே மறைக்கிற?"

"கிழிச்சுப் பாரு சிங்காரம்," என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு.

எழிலரசி மைக்கைப் பிடித்தபடி நின்றாள். உண்மையைச் சொன்னால் கண்ணாயிரம் ஆறு வீடு நடக்க வேண்டும், அவ்வளவுதான். நீக்கிவிட்டதாகச் சொன்னால் எங்கே போனாள் என்று கேட்பான். பக்கத்தில் எங்கோ இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு கதவு கதவாகத் தட்டுவான். தட்ட வேண்டாம் என்று நினைக்க வைக்க ஒரே வழிதான் இருந்தது.

"அது போலிப் பேரு," என்றாள். ஒலிபெருக்கி அதைத் தெருவுக்குள் கொண்டுபோனது. "நாந்தான் சேர்த்தேன். கடலூர்லேர்ந்து வந்த பழைய ஓட்டர் கார்டு ஒண்ணு என் கடையில கெடந்துச்சு. அத வெச்சு ஒரு ஓட்டு கூடுதலா இருக்கட்டும்னு எழுதிப் போட்டேன். அப்பறம் பயந்து மறைச்சேன். இந்தத் தெருவுல அப்புடி ஒரு ஆளே இல்ல."

முன்வரிசையில் தில்லையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. சிங்காரம் மைக்குக்குக் கிட்டே வந்தார். பிறகு, "இதுக்கு ஜெயில் உண்டு, தெரியும்ல?" என்றார், கிட்டத்தட்ட அக்கறையாக.

"தெரியும் அண்ணே."

கூட்டம் கலைந்தது. கண்ணாயிரம் பலகைக்கு அருகே போய் அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, மத்தியானம் பாராட்டியவன் போலில்லாமல், பரிதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். நம்பிவிட்டானா, நம்பியதாகக் காட்டிக்கொண்டானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் கடையில் ஒருவரும் இல்லை. ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்த அச்சகக்காரன் நோட்டீஸ் கட்டுகளைக் கொண்டுவந்து, முகம் பார்க்காமல் இறக்கிவிட்டுப் போனான். ஜெயராணி பின்பக்கக் கதவால் வந்தாள்.

"மைக்ல கேட்டோம்க்கா," என்றாள். "நீங்க அப்புடி ஒரு ஆளே இல்லேன்னு சொன்னப்போ பாப்பா என்னையே பாத்துது."

எழிலரசி ஒரு கட்டைப் பிரித்து மறுபடி கட்டினாள்.

"தேர்தல் அன்னிக்கி நான் ஓட்டுப் போட வந்தா நீங்க பொய் சொன்னீங்கன்னு ஆயிடும். அவனுக்கும் சேதி போயிடும். வரலேன்னா நீங்க சொன்ன பொய்யே நெஜமாயிடும், ஒங்களப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க." ஜெயராணி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் வரட்டுமா வேணாமாக்கா?"

பதினோரு வருடமாக அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டவர்களுக்கெல்லாம் எந்தப் படிவம், எந்தக் கட்டம், எங்கே கையெழுத்து என்று சொன்னவள் எழிலரசி. இதற்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. வெளியே பைக் ஒன்று நிற்கும் சத்தம் கேட்டது. ஜெயராணி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒதுங்கினாள். பைக் நகர்ந்து போனது.

"இப்போதைக்கி பின்வழியா போ," என்றாள் எழிலரசி.