திரையில் படிந்த எழுத்து

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் டிவி கடை வைத்திருக்கும் சரத்துக்குக் கறுப்பு சும்மா கறுப்பாக இருந்தால் போதாது. இருட்டுக் காட்சியில் திரை துளி சாம்பல் தட்டினாலும் முகத்தைச் சுளிப்பான். அப்பேர்ப்பட்டவன், தேக்காவில் தனியாக இருக்கும் அப்பா சின்னராசுவுக்கு இருப்பதிலேயே உசத்தியான ஓலெட் டிவியை வாங்கி மாட்டினான். அம்மா போனபின் அவருக்கு வேறு துணை ஏது? மாட்டிவிட்டு அரை நாள் உட்கார்ந்து நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்தான். கடையில் வைப்பதுபோல, சுவரில் சுவிட்சைப் போட்டதுமே படம் வரும்படியும் அமைத்தான்.

அதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தவன், வந்த கையோடு பென்டிரைவைச் செருகி வெறும் சாம்பல் நிறத்தைத் திரை முழுக்க ஓடவிட்டான். சாப்பிட்டுவிட்டுச் சோதிக்கக் கூடாதா? அவனுக்குப் பொறுக்காது. திரையின் மேல் மூலையில் மங்கலாக ஏதோ தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தான். சீன எழுத்து! ஏதோ ஒரு சீனச் சேனலின் சின்னம் அங்கே அப்படியே படிந்து கிடந்தது.

“ஐயோ, பேனல் போச்சுலா!”

ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். ஒரே சின்னம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்தப் புள்ளிகள் களைத்துத் தழும்பாகிவிடும். ரிமோட்டில் அணைத்தால் டிவி தானாகவே அதைக் கொஞ்சம் சீராக்கிக்கொள்ளும். சுவரில் அணைத்தால் அதுவும் நடக்காது.

“அப்பா, ரிமோட்ல ஆஃப் பண்றீங்களா, சுவத்துலயா?”

“சுவத்துலதான்பா.”

“ரிமோட் என்னாச்சு?”

அப்பா அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவைத்த ரிமோட்டை எடுத்து நீட்டினார். “பத்திரமா இருக்கு. நீ சொன்னதுக்கப்புறம் நான் தொடவே இல்ல.”

அப்போதுதான் சரத்துக்கு உறைத்தது. டிவி மாட்டிய அடுத்த வாரம் அப்பா எதையெதையோ அமுக்கி, அவன் வைத்த நிறமெல்லாம் கெட்டுப்போனது. மனைவி ரோஷினியும் அவள் வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, “அறிவிருக்கா? இனிமே ரிமோட்டத் தொடாதீங்க!” என்று கத்தினான். அன்றைக்கே மறந்தும் போனான். கத்துகிறவர்களுக்கு அது ஒரு வசதி.

அன்று அப்பா அமுக்கிய அமுக்கலில் டிவி சீனச் சேனலில் போய் நின்றிருக்கிறது. நிறத்தை மட்டும் திருப்பி வைத்துவிட்டு சரத் கிளம்பிவிட்டான். சீனத்தில் சாப்பாடு கேட்க மட்டுமே தெரிந்த மனுஷன், இரண்டு வருஷமாக அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வாராவாரம் வருகிறவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? அவன் தலையைக் கண்டதுமே அப்பா எழுந்து டிவியை அணைப்பார். மகனுக்குக் கொடுக்கும் மரியாதை என்று இந்த மடையன் பூரித்திருந்தான். பயம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா!”

“நீ ஆசையா வாங்கிக் குடுத்தது. நான் பாட்டுக்கு எதையாச்சும் அமுக்கி...” அப்பா திரையின் மூலையைப் பார்த்தார். “கெட்டுப்போச்சாப்பா? என்னாலயா?”

இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிற கண்ணுக்குப் பெற்ற தகப்பன் தெரியவில்லையே என்று சரத் கூசிப்போனான்.

“டிவி கிடக்குதுப்பா. நான் கத்தினதுதான் தப்பு. என்னை மன்னிச்சிருங்க.” உறையைக் கிழித்து ரிமோட்டை அவர் கையில் வைத்தான். “உங்களுக்குப் புடிச்சத வைங்க.”

அப்பா தயங்கித் தயங்கி ஒரு பொத்தானை அமுக்கினார். தமிழ்ச் சேனல் வரவில்லை. நிறம் மாற்றும் பட்டியல்தான் திரையில் வந்து நின்றது.

‘பரவாயில்லப்பா’ என்று சொல்லச் சரத் வாயெடுப்பதற்குள், அப்பா ரிமோட்டைச் சோபாவில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். ஒரு காலத்தில் கப்பல் பட்டறையில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கியவர், மகன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

“சாரிப்பா. இனிமே தொட மாட்டேன்.”