கிர்மிட் எழுதியது

"டாக்டரக்கா, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புறீங்களே, உங்களை எப்போ டிஸ்சார்ஜ் பண்ணுவாங்க?"

ஹூப்ளி மருத்துவக் கல்லூரி ஒன்றின் குழந்தைகள் வார்டில், டெங்குவில் படுத்திருந்த ஒரு சிறுமி கேட்டாள். முந்தைய நாள் காலையில் வேலைக்கு வந்த முதலாண்டு மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர் பாகீரதி இன்னும் விடுதிக்குத் திரும்பவில்லை.

பயிற்சி மருத்துவர்கள் மனம்விட்டுப் பேச ஒரு டெலிகிராம் குழு வைத்திருந்தார்கள். அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது; தின்பண்டப் பெயர்தான். பாகீரதி 'கிர்மிட்'. சிறுமியின் கேள்வியை அப்படியே எழுதி, "நாளைக்கு எழுந்திரிக்கவே வேண்டாம்னு இருக்கு" என்று முடித்தாள்.

'மிர்ச்சி' உடனே பதில் போட்டது: "முதல்ல வயித்தை கவனி தாயி. டூட்டி ரூம் ஃப்ரிட்ஜ்ல மோர் இருக்கு. குடிச்சிட்டு வா, பேசலாம். நான் எங்கேயும் போகல."

மோர் இருந்தது. அழுகை அடங்கும்வரை மிர்ச்சியும் இருந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸில் துறைத்தலைவர் ஹிரேமட், யாரோ படமெடுத்து அனுப்பிய அந்த வரிகளைத் தாய்மார்கள் முன்னால் உரக்கப் படித்தார்.

"யாரு இந்த கிர்மிட்? நாங்க படிச்சப்ப இப்படியா அழுதோம்? இவன் தீசிஸ்ல நான் கையெழுத்து போட மாட்டேன்!"

வலிக்கிறது என்று சொன்னவளுக்கு இதுவா மருந்து? ஒரு குழந்தைக்குப் புரிந்தது இத்தனை படித்தவருக்குப் புரியவில்லையே! அடுத்த வாரம் மனநல வாரத்தைத் தொடங்கிவைத்துச் சால்வை வாங்கப்போகிறவரும் இவர்தான். கடவுளுக்கே அடுக்குமா?

பாகீரதி வாய் திறக்குமுன் இறுதியாண்டு சோமண்ணா முன்னே வந்தான்.

"நான்தான் சார்."

"நீயா? எருமை மாதிரி இருக்கே, உனக்கென்னடா கவலை?"

"எருமைக்கும் தூக்கம் வரும் சார்."

ஒரு தாய் சிரித்துவிட்டாள். சோமண்ணாவின் தீசிஸ் கையெழுத்தில்லாமல் துறைத்தலைவர் மேஜையிலேயே கிடந்தது. அவனுடைய ஞாயிற்றுக்கிழமை விடுப்புகளும் பறிபோயின.

பாகீரதி கலங்கிப்போய் அவனைத் தேடிச் சென்றாள். "எனக்காக ஏன் அண்ணா?"

"உனக்காகன்னு யாரு சொன்னா? போய் வேலையைப் பாரு. மோர் குடிச்சியா, அது போதும்."

ஒரு ஞாயிறு மதியம் சோமண்ணா டூட்டி அறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிக் கிடந்தான். டூட்டி ஃபோன் அதிர்ந்தது. அன்று விடுப்பாக இருந்தும் அங்கே வந்திருந்த பாகீரதி அதை எடுத்துக்கொண்டு கதவை மெல்லச் சாத்தினாள். வந்த அழைப்புக்கெல்லாம் அவளே ஓடினாள்.

வெயில் தணிந்ததும் ஃபோனை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஃப்ரிட்ஜில் ஒரு மோர் பாக்கெட்டையும் வைத்தாள். சோமண்ணா புரண்டு படுத்தான். சத்தம் கேட்காமலிருக்க, அவள் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.