நீலத் தார்ப்பாய்க்குக் கீழே

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் எதற்காக நடுவில் நின்றுவிட்டது என்று கதவில் காதை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் கலர் விஷயத்தில் மட்டும் மனிதருக்குக் கண் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இதை நான் சும்மா சொல்லவில்லை. வீட்டில் முப்பத்தொரு சாட்சிகள் இருக்கின்றன, எல்லாம் தகர டப்பாவில்.

அந்தக் காலத்தில் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் புரொஜெக்டர் வைத்துப் பார்க்கவென்று சின்னச் சின்னப் படச்சுருள்கள் விற்றார்கள். அவற்றைத் தேடித்தேடி வாங்குவது இவருடைய பைத்தியம். பழைய ஃபிலிமில் மற்ற கலரெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடும். சிவப்பு மட்டும் சட்டமாக உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டுச் சுவரில் கடல் ரோஸ், காடு ரோஸ், யானைகூட ரோஸ்தான். கேட்டால், "கலர் கொஞ்சம் டல்லு, அவ்வளவுதான்" என்பார்.

நான் செயற்கைப் பல் செய்பவள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு லேபில் பல் செய்து, பக்கத்துப் பல்லோடு சேரும்படி கலர் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அதில் ஒரு முறை உண்டு. ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஐந்து நொடிக்குமேல் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகு கண் பழகிப்போய்ப் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். சாம்பல் நிறத் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்து, கண்ணைக் கழுவிவிட்டதுபோல ஆன பிறகுதான் மறுபடி பல்லைப் பார்க்கலாம். அந்தத் துணி எப்போதும் என் கைப்பையில் இருக்கும்.

இவருடைய பைத்தியத்தைப் பன்னிரண்டு வருஷம் கிண்டல் செய்துகொண்டிருந்த நான், போன வருஷம் வாயடைத்துப் போனேன். தபாலில் வந்த ஒரு சுருளை ஓட்டினார். பிள்ளைகள் சாலையைக் கடப்பது எப்படி என்று சொல்லித்தரும் படம். ஒரு பஸ் வந்து நிற்கிறது. டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "போங்க, போங்க" என்று பிள்ளைகளுக்குச் சைகை காட்டுகிறார். அந்த டிரைவர் என் அப்பா.

எனக்கு நாலு வயதாகும்போது அப்பா இறந்துபோனார். வீட்டில் இருக்கும் மூன்று போட்டோவும் கறுப்பு வெள்ளை. அம்மாவிடம் சொன்னதும், "ஆமாடி, ஏதோ ஷூட்டிங்னு ரெண்டு நாள் வண்டி எடுத்துட்டுப் போனாரே!" என்றாள். சின்ன வயதிலிருந்து சித்திகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வது ஒன்றுதான்: "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கா. கலரும் அப்பா கலர்." அதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சும் விடுவார்கள். திட்டுகிறார்களா, கொஞ்சுகிறார்களா என்று எனக்குப் புரிந்ததே இல்லை. அப்பா கலர் என்றால் எந்தக் கலர்? அதை ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் சுருளிலோ பஸ், சாலை, பிள்ளைகள், அப்பா எல்லாம் ஒரே தக்காளி.

"கலர் போகாத பிரிண்ட் எங்கேயாவது இருக்கும். நான் கண்டுபிடிச்சுத் தரேன்" என்றார் இவர். அந்த ஒரு வருஷம் நான் கிண்டல் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில் ஒரு அம்மாள், மூடிவிட்ட பள்ளிக்கூடத்திலிருந்து மொத்தமாக வந்த டப்பாக்களைப் பரப்பியிருந்தார். தலைக்குமேல் நீலத் தார்ப்பாய். அந்தச் சாலைப் படம் இரண்டு பிரதி இருந்தது. இவர் முதல் சுருளைப் பிரித்து, மேலே தூக்கிப் பிடித்தார்.

"இங்க பாரு! ரோடு ரோடு மாதிரியே இருக்கு! சிவப்பே இல்ல!"

அடுத்ததையும் பிரித்தார். முகம் சுருங்கியது. "இது வேணாம். ஒரே நீலம் பாரிச்சுக் கிடக்கு. பிள்ளைங்க மூஞ்சியெல்லாம் ஜுரம் வந்த மாதிரி இருக்கு."

"அது ஓரமா கிடந்த டப்பா சார், ஈரம் பட்டிருக்கும்" என்றார் அந்த அம்மாள். "முதல் டப்பாவை எடுத்துக்கங்க."

எனக்கும் முதல் சுருள்தான் நன்றாகத் தெரிந்தது. வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தோம். பஸ்ஸுக்கு நிற்கும்போது, அப்பா வரும் இடத்தைப் பார்த்துவிடலாம் என்று வெயிலில் இரண்டு முழம் பிரித்து, பல் பார்க்கும் லென்ஸை வைத்தேன். அதே தக்காளி.

"ஐயோ" என்றார் இவர். அவ்வளவுதான் சொன்னார். கூட நாலு வார்த்தை பேசியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். மனிதர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பைக்குள் கையை விட்டுத் துணியை எடுத்தேன். சாம்பலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண் தெளிந்ததும் புத்தியும் தெளிந்தது. இத்தனை வருஷம் ஜன்னல் வெளிச்சம், ஜன்னல் வெளிச்சம் என்று லேபில் எல்லோர் உயிரையும் வாங்குகிறவள், நீலக் கூரைக்குக் கீழே நின்று கலர் பார்த்திருக்கிறேன்! சிவப்பு ஃபிலிமில் அந்த நீலம் கலந்துதான் சாலை சாலையாகத் தெரிந்திருக்கிறது. அப்படியானால்?

"எழுந்திருங்க" என்றேன். "அங்க நல்லா தெரிஞ்சது கெட்டதுன்னா, கெட்டதா தெரிஞ்சது என்னது?"

லிஃப்ட்காரருக்கு இரண்டு நொடி பிடித்தது. பிறகு என்னை விட்டுவிட்டு ஓடினார். நான் போய்ச் சேரும்போது, ஜுரம் வந்த சுருளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். அந்த அம்மாள் பின்னாலேயே, "சார், டப்பா! டப்பா!" என்று வந்துகொண்டிருந்தார். இவர் ஃபிலிமை என்னிடம் நீட்டினார். லென்ஸை வைத்தேன். மரம் பச்சையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஓட்டினோம். முதலில் சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இனி நம்பலாம். பஸ் வந்தது. அப்பா கையை நீட்டினார். நான் சுவர் ஓரமாக நின்று, வெளிச்சத்தின் விளிம்பில் என் கையை அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சேரவில்லை. அப்பாவின் கை என் கையைவிட இரண்டு ஷேட் கறுப்பு.

"அதே கலர்தான்" என்றார் இவர், புரொஜெக்டருக்குப் பின்னாலிருந்து.

"சும்மா இருங்க. கலர் பத்தி நீங்க பேசாதீங்க."

இவ்வளவு தேடியதும் இதற்குத்தானா என்று அழுகை வந்தது. துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் சுருளைப் பின்னால் ஓட்டி, மறுபடி போட்டார். பஸ் வந்தது. கை நீண்டது. "போங்க, போங்க" என்று வீசிய வீச்சில் முழுக்கைச் சட்டை முழங்கைப் பக்கமாக மேலே ஏறியது. மணிக்கட்டில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாள் முழுக்க ஜன்னலில் வெயில் காய்ந்த டிரைவர் கை. அந்தப் பக்கம், சட்டைக்குள் வெயில் படாத நாலு விரல்கடை அகலம்.

அதற்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். எந்தக் கை எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

பல் வேலையில் இப்படிச் சேர்ந்தால் "ஓகே" என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுவேன். இங்கே அழுகையும் சிரிப்புமாக நின்றுகொண்டிருந்தேன். சித்திகள் சொன்னது நிஜம்; கொஞ்சித்தான் இருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தானாக எதுவும் சொல்லாமல் இவர் என்னைக் கேட்டார்.

"கலர் எப்படி?"

"போகல" என்றேன். "அப்படியே இருக்கு. இன்னொரு வாட்டி போடுங்க."