கட்டிலுக்கு அடியில் வைத்த பெயர்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு டப்பிங் அறை. என் நாவல் படமாகிறது. அதில் வரும் பேய்க்கு நான் வைத்த பெயர் எந்த அகராதியிலும் கிடையாது. நடிகர்கள் அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்று, வைத்தவளையே கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். ஒலிப்பதிவாளர் மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவிட்டார்.

"ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க மேடம். அதையே எல்லாருக்கும் போட்டுக் காட்டிடறோம்."

வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

[முதல் வரைவில் இங்கே 'தொண்டை வறண்டது' என்று எழுதியிருந்தேன். கதைகளில் எல்லாருக்கும் தொண்டை வறள்கிறது. எனக்கு வறளவில்லை. பயந்துபோனேன், அவ்வளவுதான்.]

"மீட்டர் அசையவே இல்ல மேடம். கொஞ்சம் சத்தமா."

"பெத்தவங்களே பிள்ளை பேரைச் சொல்லப் பயந்தா எப்படி?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று நடைபாதைக்கு வந்துவிட்டேன்.

2

பெயரை இங்கே எழுதமாட்டேன். நாவலில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, ஆனால் நாவல் சத்தம் போடாது. 'க'வில் தொடங்கும் என்பதுவரை சொல்லலாம். கதாநாயகன் அதைக் கல்லில் வரும் 'க'வாகச் சொல்கிறார். சிறுமியாக நடிப்பவள் கம்பீரத்தில் வரும் 'க'வாகச் சொல்கிறாள். தமிழ் எழுத்துக்குப் பெரிய மனசு. ஓர் எழுத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இனி உன் பாடு என்று போய்விடும்.

பேட்டிகளில் கேட்பார்கள்: இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? கனவில் வந்தது என்பேன். கேட்பவர்களும் மகிழ்ச்சியாக எழுதிக்கொள்வார்கள்.

3

இப்போது ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்தியாக வேண்டும். மூன்று வரைவுகள்.

எங்கள் அப்பா ஒரு கொடிய...

(இல்லை. படிப்பவர்கள் உடனே ஒரு மீசையைக் கற்பனை செய்துவிடுவார்கள்.)

பாவம், வேலையில் அவருக்கு எத்தனையோ...

(இதை நான் எழுதவில்லை. பயம் எழுதியது.)

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்.

இது நிற்கட்டும். அடிப்பதற்குமுன் கழற்றிவிடுவார். கடிகாரத்துக்கு அடிபட்டுவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். 'டக்' என்று மேஜைமேல் சத்தம் கேட்டதும் நானும் அக்காவும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வோம். அக்கா என் காதில் அந்தப் பெயரைச் சொல்வாள். 'அப்பா வரார்' என்று சொல்ல முடியாது. ஆரஞ்சுச் சுளையில் நாரை நீக்கி ஊட்டிவிடுகிறவர் அப்பா. கடிகாரம் கழற்றியவருக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது.

அதைக் கிசுகிசுத்தோமே தவிர ஒருநாளும் உரக்கச் சொன்னதில்லை. கிசுகிசுப்பில் கல்லும் கம்பீரமும் ஒன்றுதான். [நம்பாவிட்டால் இப்போதே காற்றாகச் சொல்லிப் பாருங்கள்.] ஆகவே, எந்தக் 'க' என்ற கேள்விக்கு என்னிடம் உண்மையிலேயே பதில் இல்லை.

4

அக்கா அப்பாவுடன்தான் இருக்கிறாள். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை. மதியம் வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பப் போவாள். அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்தப் பேரை நாம எப்படிச் சொல்லுவோம்?"

"படம் டிவில வரும்ல?"

"வரும்."

"புத்தகம்னா பரவால்லடி. அவர் பேப்பரைத் தாண்டிப் படிக்க மாட்டார். அதுக்கும் காலண்டர் தாள்ல அட்டை போட்டு வெச்சிருக்கேன். படம்னா ஹால்ல உக்காந்து பாப்பார். பக்கத்துல நான் இருப்பேன்."

"அவருக்கு வயசாயிடுச்சுக்கா."

"எனக்கும்தான் ஆச்சு. குளிக்கப் போறப்ப இப்பவும் கடிகாரத்தக் கழட்டி வெப்பார். குளிக்கத்தான்னு தெரியும். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டா என் கை அப்படியே நின்னுடும்." பிறகு சொன்னாள்: "தப்பா சொல்லிட்டு வந்துடேன். எதையாவது சொல்லு. அவருக்குத் தெரியாமப் போகட்டும்."

அவள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியேதான் பேசுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பின்னால் ஒரு குரல். "யாரு போன்ல?"

"சின்னவதான்ப்பா."

"குடு இப்படி."

5

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் இணைப்பு அறுந்துபோகிறது. இன்னொன்றில் அவர், "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார், நான் அழுகிறேன். இரண்டாவதைப் பத்திரிகைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்.

நடந்தது இது.

"பேய்ப் படமாமே. பேப்பர்ல பாத்தேன்."

"ஆமாம்ப்பா."

"பேய்க்கு என்ன பேரு?"

அவரே சொன்னார். உரக்க, எழுத்தெழுத்தாக, பள்ளிக்கூடத்தில் தன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பையனைப் போல. எந்தக் 'க' என்று எனக்கு இப்போது தெரியும்.

"காது எனக்கு எப்பவும் நல்லாத்தான் கேக்கும்," என்றார்.

[பேப்பரில் படத்தின் தலைப்பு மட்டும்தான் வந்திருந்தது. பேயின் பெயர் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.]

அப்படியானால் கட்டிலுக்கு அடியில் நாங்கள் ஒளிந்திருக்கவே இல்லை. இருந்த இடம் தெரிந்தும், எங்களைத் தேடுவதுபோல அவ்வளவு நேரம் அறைக்குள் நடந்துகொண்டிருந்திருக்கிறார்.

போன் கைமாறியது. மேஜைமேல் 'டக்'.

"அக்கா?"

"குளிக்கத்தான்னு நினைக்கறேன்." அவள் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு, என் வாழ்நாளில் முதல்முறையாக, அந்த வீட்டுக்குள்ளிருந்து அக்கா முழுக்குரலில் பேசினாள். "சரியாவே சொல்லிடு. அவர் சொன்ன மாதிரியே. ஆனா அது டிவில வர்றதுக்குள்ள என்னை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போயிடு."

போன் அடங்கிவிட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. கடைக்குக் கிளம்பியிருக்கலாம்.

6

ஒலிப்பதிவாளர் கதவைத் திறந்து, "ரெடியா மேடம்?" என்கிறார். உள்ளே போய் நிற்கிறேன். அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னால் எல்லா வீட்டு ஹாலிலும் அது கேட்கும், அந்த ஹாலிலும். தப்பாகச் சொன்னால் நானும் அக்காவும் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறோம். கழற்றிய கடிகாரத்தை அவர் திரும்பக் கட்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை. கட்டும்போது சத்தம் வராது.

முடிவை உங்களிடம் விடுகிறேன். என் பேயின் பெயர் உங்களுக்குத் தெரியாது என்பீர்கள். பரவாயில்லை. கிசுகிசுத்த பெயர் ஒன்று உங்களிடமும் இருக்கும். எனக்கு முன்னால் நீங்கள் ஒருமுறை அதை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.